விதைக்கு விட்ட காய்

ஆவணி மாதத்தில் வீட்டுத்தோட்டத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். தோட்டம் என்றதும் நம் மனக்கண் முன் வருவது மாரிக்குப் பிந்திய தை மாதத்துப் பசுமையே. அப்பொழுது வேலியோரத்தில் விழுந்த விதையும் தானாக முளைத்துக் காய்க்கும். ஆவணியிலோ நிலம் வெடித்துக் கிடக்கின்றது. சோளகக் காற்று புழுதியை வாரி முற்றத்தில் இறைக்கின்றது. கிணற்று நீர் தாழ்ந்துவிட்டது. வைகாசியில் நட்ட கத்தரிச் செடிகள் முதிர்ந்து கொப்புகள் வைரம் ஏறி நிற்கின்றன. வெண்டி ஆளுயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் மட்டும் ஒன்றிரண்டு பூக்களைத் தாங்குகின்றது. பாகற்கொடியின் அடியிலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன. தெருவாற் செல்பவர் எட்டிப் பார்த்தால், "இனி இதில் என்ன இருக்கிறது? பிடுங்கி எறிய வேண்டியதுதானே?" என்று சொல்லிக்கொண்டே போவார்.

ஆயினும், தோட்டம் வைத்திருப்பவனுக்கு மெல்லிய இன்பங்களை மிகுதியாக வழங்குவது இந்த முதிர்ந்த கோடையே என்பது என் எண்ணம். அந்தச் சிறிய இன்பங்களுக்கும் ஒரு குடும்பத்தின் உணவுப் பாதுகாப்புக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவை இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகின்றேன்.

முதலில் நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. அந்த மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. நாம் பன்னிரண்டு மாதமும் அள்ளிக் குடிப்பதும், குளிப்பதும், பயிருக்கு இறைப்பதும் அதனையே.

அந்த நீர் அங்கே தங்கும் விதம் மாணவர்கள் அறிய வேண்டியதொன்று. சுண்ணக்கல்லின் ஆழத்திற் கடல்நீர் ஊடுருவி நிற்கின்றது. நன்னீர் கடல்நீரிலும் பாரம் குறைந்ததாகையால், அதன்மேல் ஒரு கண்ணாடி வில்லையைப் போல மிதக்கின்றது. நன்னீரின் அடர்த்தியை 1,000 எனக் கொண்டால், கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1,025. இந்த 25 என்னும் சிறு வேறுபாட்டிலிருந்து ஒரு பெரிய கணக்குப் பிறக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும். மேலே ஓரடி குறையுமாயின், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழும். ஒல்லாந்தரான கைபன் என்பவரும் செர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்டு கூறிய விதி இது. நிலத்தின் அமைப்புக்கேற்ப இக்கணக்குச் சற்றுக் கூடலாம், அல்லது குறையலாம். எனினும் ஆவணி மாதத்தில் கிணற்றுக்குள் வாளியை இறக்குபவன் நினைவில் வைக்க வேண்டிய உண்மை இதில் அடங்கியிருக்கின்றது. நாம் அளவின்றி இறைத்தால், இழப்பது மேலே கண்ணுக்குத் தெரியும் ஓரடி நீர் மாத்திரமன்று.

ஆகவே கோடைத் தோட்டத்தின் முதற் பாடம் அளவு. இதனையும் கணக்காகவே பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீர் சரியாக ஒரு லீற்றராகும். வெயிலாலும் காற்றாலும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் போய்விடுகின்றதென்று கொண்டால், 10 சதுர மீற்றர் பாத்திக்கு 50 லீற்றர் வேண்டும். பத்து லீற்றர் வாளியால் ஐந்து வாளி. சமையலுக்கு அரிசி கழுவிய நீரும், காய்கறி கழுவிய நீரும் இதில் ஒரு வாளியைத் தந்துவிடும். செடியின் அடியில் வாடிய பூவரசங் குழையையும் பழைய வேலியிற் கழற்றிய பனையோலையையும் பரப்பிவிட்டால், மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் குறையும். பின்னர் அவை உக்கி உரமுமாகும். நம் முன்னோர் தோட்டத்திற் குழை தாட்டதும் பனையோலை புதைத்ததும் இதனை அறிந்தேயாம். இரசாயன உரம் மிகுதியாக இட்ட பகுதிகளிற் கிணற்று நீரில் நைத்திரேற்று அளவு கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ள இக்காலத்தில், அந்தப் பழைய வழக்கத்தின் பெறுமதி முன்னையிலும் கூடியிருக்கின்றது.

மின் ஆளியை அமுக்கிவிட்டு நாளிதழ் வாசிக்கச் செல்பவர் இறைக்கும் நீருக்கும், அவர் செடிக்கும் ஓர் உறவும் ஏற்படுவதில்லை. கையால் வார்ப்பவனுக்கோ ஒவ்வொரு செடியும் தெரியும். எது நேற்றைய வெயிலில் துவண்டது, எது இரவிலே நிமிர்ந்தது, எதன் கொழுந்தில் அசுகுணி ஏறியிருக்கின்றது என்பதெல்லாம் அவனுக்குப் பாடமாகிவிடும். விடியற்காலத்தில், காய்ந்த மண்மீது முதல் நீர் விழும்போது எழும் மணம் ஒன்றுண்டு. அதற்கு விலை கூறுவார் எவருமில்லை. அது எந்தக் கடையிலும் கிடைப்பதுமில்லை. நீர் உறிஞ்சப்படும் அந்த மெல்லிய ஓசையைக் கேட்பதற்கு, ஊர் விழிப்பதற்கு முன்னர் எழுந்திருக்க வேண்டும். அவ்வளவே.

விடியற்காலத்துக்கு உரிய இன்னுமொரு காட்சி பூசணிப் பூ. பொழுது புலரும் வேளையில் மலர்ந்து, முற்பகலிலேயே அது சுருங்கிவிடும். தாமதித்து எழுபவர் அதன் முழு அழகைக் காண்பதில்லை. ஒரே கொடியில் ஆண் பூ வேறாகவும் பெண் பூ வேறாகவும் மலர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பெண் பூவின் கீழே சிறு பிஞ்சு ஒன்று திரண்டிருக்கும். ஆண் பூவுக்கு நீண்ட காம்பு மட்டுமே உண்டு. தேனீக்கள் குறைந்த நாட்களில், ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவிவிட்டால் பிஞ்சு உதிராமல் தங்கும். பாடநூலில் இரண்டு பக்கம் வாசித்தும் மனத்தில் நில்லாத மகரந்தச் சேர்க்கை, ஒரு காலைப் பொழுதில் விரல் நுனியில் மஞ்சட்பொடியாக ஒட்டிக்கொள்ளும்.

மாலைக்கு உரியது புடலம் பூ. இருள் கவியும்போது, ஓரங்களில் வெள்ளை நூலிழைகள் பிரிந்து தொங்க, அது விரியும். இரவில் உலாவும் அந்துப்பூச்சிகளுக்காக விரியும் பூவாகையால் அதற்கு நிறம் தேவைப்படவில்லைப் போலும். இருட்டிலே தெரிவதற்கு வெண்மையே போதுமானது. பந்தலிலே தொங்கும் பிஞ்சு வளைந்து போகாமல் நீண்டு வளர, அதன் நுனியில் நூலாற் சிறு கல்லொன்றைக் கட்டிவிடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். அந்தக் கல்லைத் தேடி எடுத்துவரும் வேலையைச் சிறு பிள்ளையிடம் ஒப்படைத்துப் பாருங்கள். பாரம் கூடினாற் காய் அறுந்துவிடும், குறைந்தால் வளைந்துவிடும். நிறுவைத் தராசு இல்லாமலே நிறுக்க அவன் கற்றுக்கொள்வான்.

இனி அடுக்களைக்கு வருவோம். ஆவணித் தோட்டம் எந்தக் காயையும் கடகம் நிறையத் தருவதில்லை. இரண்டு கத்தரி, ஐந்தாறு வெண்டி, ஒரு பிடி பயற்றங்காய், முற்றத்து முருங்கையிலிருந்து ஒன்றிரண்டு காய்கள் என்று, கை கொள்ளுமளவே கிடைக்கும். ஒன்றைத் தனியாகச் சமைக்கப் போதாது. ஆதலால் எல்லாம் ஒரே சட்டியில் விழுகின்றன. அவ்வாறு கலந்து வைத்த கறியின் சுவை, சந்தையில் ஒரே காயை ஒரு கிலோ வாங்கி வைத்த கறிக்கு வருவதில்லை. நல்லூர்த் திருவிழா நடைபெறும் 25 நாட்களும் மரக்கறியுணவே கொள்ளும் இல்லங்கள் நம்மிடையே பல. சந்தையிற் காய்கறி விலை ஏறும் அந்நாட்களில், இல்லத்தலைவி தோட்டத்துக்குச் சென்று சீலைத் தலைப்பில் ஏந்திவரும் கைப்பிடிக் காயின் அருமையை அவரன்றோ அறிவார்!

சில நாட்களில், எண்ணிப் பாராமல், தேவைக்கு மேலாகவும் கிடைத்துவிடும். அப்பொழுது வேலிப் பொட்டுக்கு வேலை வரும். மதில்கள் உயர்ந்துவிட்ட இக்காலத்தில் வேலிப் பொட்டு இருக்கும் வளவுகள் அருகிவிட்டன. ஆனாலும் மதிலுக்கு மேலாலும் ஒரு கிண்ணம் செல்லலாம். பாகற்காய் சென்ற கிண்ணம் வெறுமையாகத் திரும்புவதில்லை. தேசிக்காயோ, வல்லாரையோ, ஒரு பிடி முருங்கையிலையோ அதில் வரும். பணத்தால் வாங்கிய காயை அயலவருக்குக் கொடுக்க நாம் கூசுகின்றோம். அது கொடுப்பவரின் செல்வத்தைக் காட்டுவதாகிவிடும். தோட்டத்துக் காய்க்கு அந்தக் குறை இல்லை.

இந்த இன்பங்கள் எல்லாவற்றிலும் ஆழமானதென்று நான் கருதுவது இன்னொன்று. அது காயை உண்பதிலன்று, உண்ணாமல் விடுவதிலே இருக்கின்றது.

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆச்சி இருந்தார். அவருடைய கத்தரித் தோட்டத்தில், ஆடி மாதம் பிறந்ததும், சில காய்களின் காம்பிற் சிவப்புச் சீலைத் துண்டு கட்டப்பட்டிருக்கும். முதலிற் காய்த்தவற்றிலும் கட்டமாட்டார். கடைசியிற் காய்த்தவற்றிலும் கட்டமாட்டார். செடி முழு வலிமையோடு நின்ற காலத்தில், நோயற்ற செடியிற் பிடித்த, வடிவான காயையே தேர்ந்தெடுப்பார். "தம்பி, அது விதைக்கு விட்டது. அதிலை கை வைக்கப்படாது" என்பார். வீட்டிற் கறிக்கு ஒன்றுமில்லாத நாளிலும் அந்தக் காயை எவரும் தொடுவதில்லை. தோட்டத்திலே மிகச் சிறந்த காய் எதுவோ, அதுவே எவருடைய வாய்க்கும் கிட்டாத காய். சிறுவனாயிருந்த எனக்கு அது பெரும் புதிராக இருந்தது.

ஆவணியில் அந்தக் காய்கள் பழுத்து மஞ்சளாகும். அவற்றைப் பறித்துச் சில நாட்கள் வைத்து, பின்பு பிளந்து, சதையை நீரிற் பிசைவார். மிதக்கும் விதைகளை ஊற்றிவிட்டு, அடியிலே தங்கியவற்றை எடுத்துச் சாம்பலிற் புரட்டிச் சுளகிலே பரப்பி நிழலில் உலர்த்துவார். நன்றாக உலர்ந்த பின்னர் போத்தலில் இட்டு இறுக மூடி, அடுக்களைத் தட்டில் வைப்பார். பயிற்றை விதைக்கு இவ்வளவு வேலையில்லை. நெற்று செடியிலே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுக்கும்போது பறித்தாற் போதும். வெண்டியும் அவ்வாறே, காய் காய்ந்து வெடிப்பு விடும்போது எடுக்கலாம். புடலங்காய் பழுத்துச் செம்மஞ்சளாகிக் குழையும் வரை கொடியிலேயே நிற்க வேண்டும். பூசணி மட்டும் சற்றுக் கவனம் வேண்டுவது. அயற்கொடியின் மகரந்தம் தேனீயோடு வந்து கலந்துவிடுமாகையால், தூய விதை வேண்டுவோர், மறுநாள் மலரவிருக்கும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே நூலாற் கட்டி வைப்பர். காலையில் அவிழ்த்து மகரந்தத்தைத் தடவி, பெண் பூவை மீண்டும் கட்டிவிடுவர்.

"கடையில் வண்ணப் படத்தோடு விதைப் பொதி விற்கிறார்களே, இவ்வளவு பாடு எதற்கு?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கான விடையை, ஒரு துறவிமடத்துத் தோட்டத்தில், பட்டாணிச் செடிகளிடையே நின்று கண்டறிந்தவர் கிரெகர் மெண்டல். 1865 ஆம் ஆண்டில் அவர் தம் முடிவுகளை வாசித்தார்; அடுத்த ஆண்டில் அவை அச்சேறின. இயல்பு வேறுபட்ட இரண்டு தூய இனங்களைக் கலந்தாற் பிறக்கும் முதலாந் தலைமுறை முழுவதும் ஒரே தன்மையாக இருக்கும். அந்தத் தலைமுறையின் விதையை மீண்டும் விதைத்தாலோ, அடங்கிக் கிடந்த இயல்புகள் மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் வெளிப்படும். இன்று கடைகளில் விற்கும் கலப்பின விதைகள் பல அந்த முதலாந் தலைமுறையைச் சேர்ந்தவை. அவை நன்றாக விளையும். தோட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட கமக்காரர் அவற்றை நாடுவதிற் குற்றமில்லை. ஆனால் அவற்றின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் விளையாது. ஆண்டுதோறும் கடைக்கே போக வேண்டும். நாட்டினக் கத்தரியோ, பயிற்றையோ அவ்வாறன்று. 'திருநெல்வேலி ஊதா' என்று ஒரு கத்தரி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. இத்தகைய இனத்தின் விதையை வைத்திருப்பவர் அடுத்த ஆண்டுக்கு எவரையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

எதிர்பார்த்திருக்க முடியாத காலங்களும் வந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியில், வலிகாமத்து மக்கள் ஓரிரவுக்குள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். எவர் எதனை எடுத்தோம், எதனை விட்டோம் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கதை. ஆச்சி எடுத்த பொதியில் ஒரு மாற்றுச் சீலையும், சுவாமி படமும், அந்த விதைப் போத்தலும் இருந்தன. அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் ஊர் திரும்பியபோது எங்கள் வளவுகள் பற்றையாகிக் கிடந்தன. கடைகளில் விதை இல்லை. ஆச்சியின் போத்தல் திறக்கப்பட்டது. அவர் ஒரு தேக்கரண்டி விதையாக ஒழுங்கையிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கிட்டார். அந்தக் கத்தரி காய்த்தபோதுதான், சிறந்த காயை எவரும் உண்ணக்கூடாதென்ற அவருடைய கட்டளை எனக்கு விளங்கிற்று. அவர் இன்று இல்லை. கத்தரி இருக்கின்றது.

உலக வரலாற்றிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில், 1941 செப்டெம்பர் முதல் 1944 சனவரி வரை, லெனின்கிராட் நகரைச் செர்மானியப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. அந்நகரில், நிக்கலாய் வாவிலோவ் என்னும் பேரறிஞர் உலகெங்கும் அலைந்து திரட்டிய இலட்சத்துக்கும் மேற்பட்ட பயிர்விதை மாதிரிகள் ஒரு நிலையத்திற் சேமிக்கப்பட்டிருந்தன. நகர மக்கள் பல இலட்சம் பேர் பட்டினியால் மாண்டனர். நிலையத்தில் நெல்லும், கோதுமையும், கடலையும், கிழங்கும் இருந்தன. அங்கு பணியாற்றியோர் அவற்றைத் தொடவில்லை. நெல்லினங்களுக்குப் பொறுப்பாயிருந்த திமித்ரி இவனோவ் பல்லாயிரம் நெற்பொதிகளுக்கு நடுவே பசியால் உயிர் நீத்தார். அவரைப் போல வேறு பலரும் மாண்டனர். அந்த விதைகளைத் திரட்டிய வாவிலோவோ, தம் நாட்டு அரசாலேயே சிறையிடப்பட்டு, 1943 சனவரியிற் சராத்தொவ் நகரச் சிறையில் இறந்தார். விதைகள் பிழைத்தன. போருக்குப் பின்னர் அந்நாட்டின் வயல்களுக்கு அவை பயன்பட்டன.

அந்த அறிஞர்களின் தியாகத்துக்கு முன் நம் வீட்டுத் தோட்டம் மிகச் சிறியதுதான். ஆயினும் சீலைத் துண்டு கட்டிய கத்தரிக்காயும் அந்த நெற்பொதியும் கூறும் செய்தி ஒன்றே. இன்றைய பசிக்கு எட்டாமல் ஒரு பங்கு நிற்க வேண்டும்.

இவ்விடத்தில் அண்மைக் கால அனுபவம் ஒன்றையும் எண்ணிப் பார்ப்போம். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் நாட்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அத்தடை தளர்த்தப்பட்டபோதிலும், விளைச்சல் வீழ்ந்துவிட்டது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றனர். அவ்வாண்டு யூன் மாதத்தில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்றே அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. எங்கள் அயலிலும் மண்வெட்டியே பிடித்தறியாதவர்கள் மண்ணைக் கொத்தினார்கள். உரப்பையிலும், உடைந்த வாளியிலும், வெட்டிய போத்தலிலும் மிளகாயும் தக்காளியும் முளைத்தன. பார்க்க மகிழ்ச்சியாயிருந்தது.

பின்னர் கடைகளிற் பொருள்கள் வந்தன, வரிசைகள் மறைந்தன. அடுத்த ஆவணியில் அந்த உரப்பைகளுட் பெரும்பாலானவை மதிலோரத்தில் வெறும் மண்ணோடு கிடந்தன. இதற்காக எவரையும் குறைகூறுவது என் நோக்கமன்று. அச்சத்தினால் தொடங்கிய தோட்டம் அச்சம் நீங்கியதும் முடிந்துபோதல் இயல்பே. ஆனால் விதை அவ்வாறு விட்டுவிட்டுத் தொடரும் பொருளன்று. நம் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும், நன்றாக உலர்த்தி மூடிய கத்தரி விதைகூடச் சில ஆண்டுகளில் முளைக்கும் வலியை இழந்துவிடும். வெங்காய விதை ஓராண்டைத் தாண்டுவதே அரிது. பஞ்சம் வந்த பின்னர் விதையைத் தேடினால் அது கிடைக்காது. பஞ்சமில்லாத ஆண்டுகளிலும் எவரோ ஒருவர் ஆண்டுதோறும் விதைத்து, ஆண்டுதோறும் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

தேவையில்லாத ஆண்டிலும் ஒருவரை மண்வெட்டி எடுக்கச் செய்வது எது? சட்டமுமன்று, விடுமுறையுமன்று. காலையில் நனைந்த மண்ணின் மணமும், இரவில் விரியும் புடலம் பூவும், கைப்பிடிக் காயிற் சமைத்த கறியும், மதிலுக்கு மேலாற் செல்லும் கிண்ணமுமே அதனைச் செய்கின்றன. ஆச்சி தம் விதையை நாற்பது ஆண்டு காத்தது 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்வை எதிர்பார்த்தன்று. அவருக்குத் தோட்டம் பிடித்திருந்தது. அந்த விருப்பமே, வேண்டிய நாளில், ஒழுங்கை முழுவதற்கும் சோற்றுக்குக் கறியாயிற்று. சிறிய இன்பங்களை வீண்பொழுது என்று ஒதுக்குவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நிலம் சிறிதாயினும் இவ்வாரமே தொடங்கக்கூடிய சில வேலைகளைச் சொல்லி முடிக்கின்றேன். உங்கள் தோட்டத்தில் எஞ்சி நிற்கும் செடிகளைப் பிடுங்கி எறியாதீர்கள். நோயற்ற செடியொன்றைத் தேர்ந்து, அதிலுள்ள நல்ல காய் ஒன்றிரண்டை விதைக்கு விடுங்கள். காம்பிற் சீலைத் துண்டைக் கட்டும் உரிமையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் கட்டிய காயை அவர்களே காப்பார்கள். தோட்டம் இல்லாதவர்கள், உறவினர் வீட்டிலோ அயலிலோ நாட்டினக் காய் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். உலர்ந்த விதையைப் போத்தலில் இட்டு, இனத்தின் பெயரையும், தந்தவரின் பெயரையும், மாதத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். விதையிற் பாதியை வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். உங்களுடையது பூஞ்சணம் பிடித்தோ, பூச்சி அரித்தோ அழிந்துபோனால், அங்கிருந்து திரும்பப் பெறலாம். விதையை நெடுங்காலம் வைத்திருக்கச் சிறந்த இடம் இன்னொருவருடைய தோட்டமே.

புரட்டாதியில் நாற்றுமேடை போட வேண்டும். மாரி மழைக்கு இன்னும் ஆறு வாரம் வரையில் இருக்கின்றது. விதை உலர அது தாராளமாகப் போதும்.